பழுது பார்த்தல்

தமிழில் ஓசைகளுக்குப் பஞ்சமில்லை. சருகு சலசலக்கும், பல் நறநறக்கும், வண்டி கடகடக்கும், பழைய கதவு கிறீச்சிடும். இரட்டைக்கிளவி என்பது இரட்டித்த நிலையிலிருந்து பிரிந்து தனியே ஒலிக்காது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். இந்தச் சொற்களை அன்றாடக் கருவிகளாக வைத்துப் பிழைக்கும் ஒரு தொழில் இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டு ஒரு காரின் பக்கக் கண்ணாடிகளால் அறிந்தேன்.

கார் என்று எழுதுவதை என் துறைத்தோழர் ஒருவர் ஏற்கமாட்டார். மகிழுந்து என்றுதான் எழுத வேண்டும் என்பார். நான் சொல்லப்போகும் சில மாதங்களில் அந்த ஊர்தி எங்கள் சந்தில் எவருக்கும் மகிழ்ச்சி தரவில்லை. ஆகவே கார் என்றே இருக்கட்டும்.

மதுரையின் வீதி அமைப்பை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய நகரம் இது. தேர் ஓடும் வீதிகள் அகலமானவை. அவற்றிலிருந்து பிரியும் சந்துகளோ மனிதர்கள் நடப்பதற்காக உண்டானவை. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் அப்படியொரு சந்தில் என் வீடு. காரைச் சுவரோடு அணைத்து நிறுத்தி, இருபக்கக் கண்ணாடிகளையும் காது மடக்குவதுபோல மடக்கினால்தான் ஒரு தண்ணீர் வண்டி கடந்து போக முடியும். மடக்காமல் விட்ட கண்ணாடி விடியும்வரை உடம்போடு இருந்ததாகச் சரித்திரமில்லை.

சென்ற ஆடிக்காற்றில் ஊரெல்லாம் புழுதி பறந்தது. அதன் பிறகுதான் சத்தம் தொடங்கியது. மாலைநேரக் கல்லூரி முடித்து நான் வீடு சேர இரவு பத்தரை ஆகும். பொத்தானை அழுத்தியதும் வலப்பக்கக் கண்ணாடி ஆட்டுக்கல்லில் உலர்ந்த அரிசியைப் போட்டு அரைப்பதுபோல ஓசையெழுப்பும். இடப்பக்கம் அதற்குத் தாளம் போடும். எதிர்வீட்டின் முன்னறையில் தூளி கட்டியிருந்தார்கள். மூன்று மாதக் குழந்தை. கண்ணாடி மடங்கி முடிவதற்குள் அது விழித்து அழத் தொடங்கிவிடும். குழந்தையின் பாட்டி ஒரு சொல்லும் சொன்னதில்லை. சன்னலை மட்டும் சாத்துவார். கோடைப் புழுக்கம் தீராத இரவுகளில் அடைபடும் ஒரு சன்னல், சொல்லாத சொற்களைவிடக் கனமானது. மடக்காவிட்டால் தெருவில் வழியில்லை, மடக்கினால் பிள்ளைக்கு உறக்கமில்லை. ஒரு பக்கக் கண்ணாடி இவ்வளவு பெரிய இக்கட்டை உண்டாக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

*

பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் 1909இல் மகளிருக்காக எழுதிய கார் நூலில், கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தின் முதல் ஆண்டில் ரே ஹரூன் தம் காரில் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஓட்டி வென்றார். மற்றவர்களின் வண்டிகளில் பின்னால் பார்த்துச் சொல்ல உடன் ஒருவர் அமர்ந்திருந்தார். ஹரூன் தனியாக ஓட்டினார். பந்தயச் சாலை செங்கல் பாவியது. கண்ணாடி அதிர்ந்த அதிர்வில் அதில் எதுவும் தெரியவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆக, காரில் கண்ணாடி பிறந்தபோதே அதன் ஆட்டமும் கூடப் பிறந்துவிட்டது.

அது மடங்கக் கற்றுக்கொண்டது பின்னர். ஜப்பானில் 1983 வரை பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லை. முன்சக்கரங்களுக்கு மேலே, மட்கார்டின்மீது நின்றன. அந்த ஆண்டில்தான் கதவில் வைக்க அனுமதி கிடைத்தது. கதவுக்கு வந்ததும் காரின் அகலம் கூடிற்று. குறுகிய தெருக்களும் நெருக்கமான நிறுத்துமிடங்களும் கொண்ட நாடு அது. மறு ஆண்டே, 1984இல், நிசான் லாரல் என்ற காரில் மின்சாரத்தால் மடங்கும் கண்ணாடி வந்துவிட்டது. அதே காலத்தில் நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் ஓட்டுநர் பக்கம் மட்டுமே கண்ணாடி இருந்தது. இடப்பக்கம் என்ன வருகிறது என்பதைக் கழுத்தும் கடவுளும் பார்த்துக்கொண்டார்கள். இன்று நடுத்தரக் கார்களிலும் பூட்டியவுடன் காதுகள் தாமாக மடங்குகின்றன.

எப்படி மடங்குகிறது என்பதை எளிதாகவே சொல்லிவிடலாம். கதவோடு சேர்ந்த அடிப்பாகத்தில் அசையாத ஒரு குறுங்கம்பம் நிற்கிறது. கண்ணாடியின் கூடு அதைச் சுற்றித் திரும்புகிறது. கூட்டுக்குள் விரல் பருமனில் ஒரு மோட்டார். அதன் முனையில் திருகாணியைப்போல் புரிகள் கொண்ட தண்டு. புரி பல்சக்கரத்தைத் திருப்பும், அச்சக்கரம் இன்னொன்றைத் திருப்பும். கடைசிச் சக்கரம் கம்பத்தோடு பிணைந்திருப்பதால் கூடே நகரும். புரி சக்கரத்தைத் திருப்புமேயன்றிச் சக்கரத்தால் புரியைத் திருப்ப இயலாது. காற்று எவ்வளவு தள்ளினாலும் கண்ணாடி தானே மடங்காதிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. யாராவது மோதினால் பற்கள் முறிந்துவிடக் கூடாதல்லவா? அதற்காக மேடும் பள்ளமும் கொண்ட இரு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வலுவான சுருள்வில்லால் அழுத்தியிருக்கிறார்கள். மோதும்போது மேல்வளையம் பள்ளத்திலிருந்து ஏறி வழுக்கிவிடும், சக்கரங்கள் பிழைக்கும். வளைந்து கொடுப்பதற்கென்றே ஓர் உறுப்பு. இவை அனைத்துக்கும் நடுவே கிரீஸ். அது உள்ளவரை இத்தனை உறுப்புகள் இருப்பது நம் காதுக்குத் தெரியாது.

*

நகருக்கு வெளியே புறவழிச்சாலையில் உள்ள பெரிய பணிமனைக்கு முதலில் கொண்டுபோனேன். குளிரூட்டிய அறை, காப்பி, பத்திரிகை எல்லாம் உண்டு. கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் வந்து பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

“அசெம்பிளி மாத்தணும் சார். ரெண்டு பக்கமும்.”

ஒரு பக்கத்துக்குப் பதினோராயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வரவழைக்கப் பத்து நாள் ஆகும். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டேன்.

“உள்ளயெல்லாம் பார்க்க மாட்டோம் சார். செட்டா மாத்திருவோம்.”

அந்த இளைஞர்மீது எனக்குக் குறையில்லை. ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. பிரித்துச் சேர்த்தது மறுவாரம் மீண்டும் ஓசையிட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் உண்டு. ஆயினும் அவர் சொன்ன சொற்றொடர் வீடு வரும்வரை என்னோடு வந்தது. உள்ளே பார்க்க மாட்டோம். கிரீஸ் உலர்ந்ததா, மண் புகுந்ததா, பல் உடைந்ததா, இவற்றுள் எதுவாயினும் விடை ஒன்றே. அந்தக் கூட்டில் நிலைக்கண்ணாடி நன்றாக இருக்கிறது, அதைத் திருப்பும் சிறு மோட்டார்கள் நன்றாக இருக்கின்றன, விளக்கு எரிகிறது, வண்ணம்கூட மங்கவில்லை. அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும், உள்ளிருக்கும் ஒன்று பேசத் தொடங்கிவிட்டது என்பதற்காக.

சத்தத்துக்குத் துருநீக்கும் தெளிப்பான் ஒன்றைப் பரிந்துரைக்கும் நண்பர்கள் எங்கும் இருப்பார்கள். அடிப்பாகத்தின் இடுக்கில் பீய்ச்சினால் ஓசை உடனே நிற்கும் என்பது உண்மைதான். அந்த நீர்த்த எண்ணெய் எஞ்சியிருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு வழிந்துவிடும். ஈரத்தில் புதுப்புழுதி ஒட்டும். சில நாளில் ஓசை முன்னிலும் உரக்கத் திரும்பும். பெட்ரோலிய எண்ணெய் சிலவகை ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகவும் ஆகாது.

*

வெளி வீதிக்கு அப்பால் கார் எலெக்ட்ரீசியன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். கடை என்பது ஒரு தகரக் கதவும், வேப்பமர நிழலும், மரப்பலகையும். அறுபதைத் தொடும் வயது. வண்டி நின்றதும் அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்.

“சத்தம் எப்பிடி சார் வருது? கறகறன்னா, டக்டக்னா, இல்ல விர்ருன்னு சும்மா சுத்துதா?”

தேர்வுத்தாளில்கூட இவ்வளவு செறிவான வினா அமைவதில்லை. அவர் கேட்ட மூன்று ஒலிகளும் மூன்று நோய்கள் என்று பின்னர் விளங்கியது. தொடக்கம் முதல் முடிவுவரை கறகறத்தால் உராய்வு, அதாவது கிரீஸ் உலர்ந்து மண் சேர்ந்திருக்கிறது. டக்டக் என்றால் பல் ஒன்று போயிருக்கலாம், அல்லது யாரோ கையால் தள்ளியதில் வளையங்கள் இடம் மாறியிருக்கலாம். மோட்டார் விர்ரென்று சுழன்றும் கூடு அசையவில்லை என்றால் சக்கரமே வழுக்கிவிட்டது. நான்காவதாக, நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது மட்டும் படபடத்தால் வளையம் பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்று பொருள்.

வளையம் மாறியிருந்தால் பிரிக்கவே வேண்டியதில்லை என்றார். பொத்தானாலேயே சில முறை மடக்கி விரித்தால் ‘களக்’ என்று ஒருமுறை உரக்க ஒலித்துத் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். அதையும் செய்துபார்த்தார். பிறகு கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, “மடக்குங்க சார். ம். விரிங்க” என்றார். நாடி பிடித்தவரின் முகம்.

“வலது காஞ்சு போச்சு. இடது பல்லு போயிருக்கு. ரெண்டும் வேற வேற சார். ஒரே மருந்து கேக்காது.”

அரைமணி நேரம் காரை வெயிலில் நிறுத்தச் சொன்னார். பிளாஸ்டிக் சூடேறினால் இளகும், கிளிப்புகள் முறியாது. பிறகு கண்ணாடியின் ஓர் ஓரத்தை உள்ளே அழுத்தி, எதிர் ஓரத்தில் பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்துத் தட்டையாகக் கழற்றினார். வண்ணமூடி தனியே வந்தது. திருகுகளை விலக்கியதும் மடக்கும் பொறி வெளிப்பட்டது. மின்கம்பிகள் அந்தக் கம்பத்தின் நடுத்துளை வழியே போகின்றன. அவற்றை வெட்டாமல் வெளியே இழுக்க, இணைப்பியின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த நிறம் எந்த ஓட்டையில் என்பதை ஒரு சீட்டின் பின்பக்கம் பேனாவால் வரைந்துகொண்டார். இந்த இடத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுவார்கள் என்றார். அடுத்து அந்தச் சுருள்வில். பூட்டை எடுத்தால் முகத்தில் பாயக்கூடிய வலிமை அதற்கு. பட்டறை இடுக்கியில் வைத்து நெரித்து, அங்குலம் அங்குலமாக விடுவித்தார். அருகில் நின்ற என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

வலப்பக்கப் பொறியில் கிரீஸ் மாநிறக் களிம்பாக இறுகியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். மணல் நெருடியது. போன ஆடி முழுவதும் அதில் இருந்தது. தூரிகையால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கோன் கிரீஸை மெல்லப் பூசினார். நிறைய வைத்தால் நல்லதில்லையா என்று கேட்டேன். வழிகிற கிரீஸ் மண்ணைத்தான் கூப்பிடும் என்றார்.

இடப்பக்கத்தில் ஒரு சக்கரத்தின் பல் முறிந்து, அரிசிமணிபோலத் தனியே கிடந்தது. அந்தச் சக்கரத்தை மட்டும் தனியாக யாரும் விற்பதில்லை. அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே எத்தனையோ கண்ணாடிகளின் உள்ளுறுப்புகள். பேருந்து உரசிக் கூடு நொறுங்கியவை, கதவோடு நசுங்கியவை. எங்கோ முகம் சிதைந்த ஒரு கண்ணாடியின் பழுதற்ற பல்சக்கரம் என் காருக்குள் வந்து அமர்ந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் வேலை. இரு பக்கமும் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய் வாங்கினார். அன்றிரவு நான் வீடு வந்தபோது சன்னல் திறந்தே இருந்தது.

*

நாம் இதற்கு வைத்திருக்கும் சொல்லைக் கவனியுங்கள். பழுது பார்த்தல். பழுது நீக்குதல் என்றும் எழுதுகிறோம். ஆயினும் வழக்கில் வேரூன்றியது பார்த்தல்தான். வைத்தியம் பார்க்கிறோம், நாடி பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், பதம் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம். இவை எவற்றிலும் பார்ப்பது கண்ணின் தொழில் மட்டுமன்று. நாடியை விரல் பார்க்கிறது, பதத்தை நாக்கோ கையோ பார்க்கிறது. வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திருக்குறளின் மருந்து அதிகாரமும் மருத்துவருக்கு இதே வரிசையைத்தான் வகுக்கிறது. நோய் எது, அது எதனால் வந்தது, தணிக்கும் வழி எது என்று நாடிய பின்னரே செயல். முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதற்குப் போவதை மாற்றுதல் என்று சொல்லலாம், பழுது பார்த்தல் என்று சொல்ல முடியாது.

மாற்றுதல் எப்போதும் தவறு என்பதல்ல என் கட்சி. தடைக்கட்டையையும் காற்றுப்பையையும் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துப் பொருத்த யாரும் துணியக் கூடாது. உயிர் தொங்கும் இடங்களில் புதியதே சரி. கேள்வி வேறு. எது மாற்றத்தக்கது, எது பார்க்கத்தக்கது என்று பிரித்தறிய ஒருவர் திறந்து பார்த்தாக வேண்டும். திறக்கும் வழியும் திறக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

உலகம் இதைச் சட்டமொழியில் பேசத் தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்து, கார்களைப் பழுது பார்க்கத் தேவையான தகவல்கள் வெளிப்பணிமனைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கோரினார்கள். நம் நாட்டில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத்துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கான குழு ஒன்றை அமைத்தது. கைபேசி, வீட்டுச் சாதனங்கள், வேளாண் கருவிகள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் உரிமை என்பது ஏட்டில் இருக்கும்போது, திருகு இருந்த இடத்தில் பசை வந்துவிடுகிறது.

எலெக்ட்ரீசியன் வேறொரு காரின் கண்ணாடிப் பொறியை எடுத்துக் காட்டினார். அதில் திருகு இல்லை. இரு பாதிகளையும் உருக்கி ஒட்டியிருந்தார்கள். திறக்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டும், அறுத்தால் மீண்டும் சேராது.

“இத எப்பிடி அண்ணே பாப்பீங்க?” என்றேன்.

“இதுக்கு நான் எதுக்கு சார்? மாத்துறதுக்குக் கடைப் பையன் போதும்.”

வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னார். அவருடைய மகன் கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறார். கடையில் கற்றுக்கொள்ள யாருமில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பொருள் கிடைக்கும், நானூறு கிலோமீட்டர் போனாலும் வாங்கிவிடலாம். கறகறவுக்கும் டக்டக்குக்கும் வேறுபாடு தெரிந்த உள்ளங்கையை எங்கே போய் வாங்குவது?

மொழி ஆசிரியனாக எனக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. இரட்டைக்கிளவிகள் அகராதியால் வாழ்பவை அல்ல. ஒருவர் அப்படி ஒலிக்கிறது என்று சொல்லவும், இன்னொருவர் அதைக் கேட்டு, அப்படியானால் இது காரணம் என்று புரிந்துகொள்ளவும் வேண்டியிருப்பதால் வாழ்பவை. எல்லா ஓசைக்கும் அசெம்பிளி மாற்றுவதே விடையென்றால், ஓசை எப்படி என்று கேட்கவேண்டிய தேவை ஒருவருக்கும் இராது. கேட்பார் இல்லாத இடத்தில் சொல்லுக்கு வேலையில்லை. அது பாடநூலில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் மிஞ்சும்.

இந்தப் பருவத்தில் அந்த நூற்பாவை நடத்தியபோது எடுத்துக்காட்டுகளை நான் சொல்லவில்லை. வீட்டிலோ தெருவிலோ ஓசையிடும் ஒரு பொருளைக் கவனித்து, என்ன ஒலி, எதனால் அந்த ஒலி, யார் அதைப் பார்ப்பார் என்று மூன்றும் எழுதிவரச் சொன்னேன். மின்விசிறி, தையல் எந்திரம், கிணற்று உருளை, மாவரைக்கும் எந்திரம் என்று நாற்பத்திரண்டு தாள்கள் வந்தன. ஒலியை எல்லோரும் எழுதியிருந்தார்கள். காரணத்தைப் பாதிப்பேர். மூன்றாவது கேள்விக்கு ஒன்பது தாள்களில் விடை இருந்தது. அவற்றில் ஆறு பேர் எழுதியிருந்தது தங்கள் அப்பாவை.